பழைய லென்ஸும் புதிய காமிராவும்

பழைய பொருள் யாதாயினும் அது கழிக்கத்தக்கதென எண்ணுவாரும், பழையதாயிருத்தல் ஒன்றே பற்றி அதனைப் போற்றத் துணிவாரும் உலகில் எக்காலத்தும் உளர். இவ்விரு திறத்தாரும் அண்மையில் நம் மாணவரிடையே ஒரு சிறு பொருளைக் குறித்து வாதிட்டு வருகின்றனர். அப்பொருள், ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் பிலிம் காமிராக்களுக்கென்று செய்யப்பட்ட லென்ஸ். அதனை ஓர் உலோக வளையத்தின் துணைகொண்டு இக்காலத்து டிஜிடல் காமிராவிற் பொருத்திப் படமெடுக்கலாம். அவ்வளையத்தை அடாப்டர் என்பர். கையிலிருக்கும் காமிரா தானே எல்லாம் செய்ய வல்லதாயிருக்க, இது காலத்தை வீணாக்கும் விளையாட்டு என்பர் ஒரு சாரார். பழைய கண்ணாடியிலுள்ள உயிர் புதியதில் இல்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விருவர் கூற்றும் முழுதும் பொருந்தாதென்பதும், ஆயினும் அடாப்டரைக் கையாளுதல் படமெடுக்கக் கற்கும் மாணவனுக்குப் பெரும்பயன் தருமென்பதும் என் கருத்து. அக்கருத்திற்குரிய காரணங்களை இயன்றவரை எடுத்துரைப்பேன்.

முதற்கண், அடாப்டர் இன்னதென்பதைத் தெளிதல் வேண்டும். அதனுள் ஏதோ நுட்பமான கருவி அடங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது உள்ளே ஒன்றுமில்லாத குழல். முன்புறத்தில் பழைய லென்ஸின் மரைக்கு அல்லது பற்களுக்கு இசைந்த வாயும், பின்புறத்திற் புதிய காமிராவுக்கு இசைந்த வாயும் உடையது. பெரும்பான்மையானவற்றில் கண்ணாடியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அங்ஙனமாயின், இத்துணை எளிய குழலைப் பிலிம் காலத்திலேயே செய்து எந்த லென்ஸையும் எந்தக் காமிராவிலும் பொருத்தியிருக்கலாமே, அவ்வாறு செய்யாதது ஏன் என்னும் வினா எழும். அவ்வினாவிற்கு விடை அறிந்தவன் இவ்விஷயத்தில் முக்காற்பங்கு அறிந்தவனாவான்.

லென்ஸானது நெடுந்தொலைவிலுள்ள பொருளின் உருவைத் தனக்குப் பின்னே ஒரு குறித்த இடத்தில் மட்டுமே கூர்மையாக வீழ்த்தும். ஆதலின் காமிரா செய்வோர், லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்திற்கும் பிலிம் நிற்கும் தளத்திற்கும் இடையே ஒரு தூரத்தை நிச்சயித்துக்கொண்டு, அத்தூரத்திற்கேற்பவே தம் லென்ஸ்களைச் செய்தனர். இதனை ஈண்டு முகத்தூரம் என்று வழங்குவோம். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் எஃப் காமிராவில் அத்தூரம் 46.5 மில்லிமீட்டர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1949ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட கான்டாக்ஸ் எஸ் காமிராவில் தோன்றிப் பின்னர் ஜப்பானிய பெண்டாக்ஸிலும் சோவியத் ருஷ்யாவின் ஸெனிட்டிலும் பரவிய 42 மில்லிமீட்டர் மரைக்கு அது 45.46. கம்பெனிகள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு தூரங்களை வைத்துக்கொண்டனவாயினும், இத்தகைய காமிராக்களுட் பெரும்பாலானவற்றிற்கு நாற்பது மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்க இயலவில்லை. ஏனெனில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு கண்ணாடி ஆடி சாய்ந்து நின்று, காட்சியைப் படமெடுப்பவன் கண்ணுக்கு மேலே திருப்பிவிட வேண்டியிருந்தது. அவ்வாடி மேலெழுந்து தாழ்வதற்கு இடம் வேண்டுமன்றோ?

இனிக் கணக்கைப் பாருங்கள். 46.5 மில்லிமீட்டருக்கென்று செய்த நிக்கான் லென்ஸை, முகத்தூரம் 44 மில்லிமீட்டரான ஒரு காமிராவிற் பொருத்த 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள வளையம் போதும். ஆனால் 45.46க்கென்று செய்த மரை லென்ஸை நிக்கான் காமிராவிற் பொருத்த வேண்டுமாயின், வளையத்தின் கனம் பூஜ்யத்தினும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற் குறைந்திருத்தல் வேண்டும். அத்தகைய வளையத்தை எந்தக் கொல்லனும் செய்யமாட்டான். எவ்வாறேனும் பொருத்தினாலும் அண்மையிலுள்ள பொருள்களே தெளியும். தொலைவிலுள்ளவை மங்கியே நிற்கும். பழைய லென்ஸ்கள் தத்தம் குலத்துக் காமிராக்களோடு கட்டுண்டு கிடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரே.

இக்கட்டை அவிழ்த்தது ஆடியை நீக்கிய காமிரா. பானஸானிக் கம்பெனியார் 2008ஆம் ஆண்டில் ஜி1 என்னும் காமிராவை வெளியிட்டனர். அதிற் காட்சியை உணர்தகடே நேரிற் பெற்றுச் சிறு திரையிற் காட்டிற்று. ஆடிக்கு வேலை இல்லாமற் போயிற்று. 2010ஆம் ஆண்டில் வந்த ஸோனி காமிராக்களில் முகத்தூரம் 18 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 2018ஆம் ஆண்டிற் கானன் தன் புதிய வாய்க்கு 20 மில்லிமீட்டரும் நிக்கான் 16 மில்லிமீட்டரும் வைத்தன. 45.46லிருந்து 18ஐக் கழித்தால் 27.46. அந்த 27.46 மில்லிமீட்டர் நீளத்தை உலோகத்தாற் செய்து வைத்ததே மரை லென்ஸை ஸோனி காமிராவிற் பொருத்தும் அடாப்டர். கழித்தற் கணக்கு ஒன்று கையில் எடுத்துப் பிடிக்கத்தக்க உருவாக நிற்பது பௌதிக மாணவர்க்கு இன்பந் தரும் காட்சியாகும்.

கானன் கம்பெனியின் எஃப்.டி. லென்ஸ்களின் வரலாறு ஈண்டு விரித்துரைக்கத் தக்கது. அவை 1971ஆம் ஆண்டில் வெளிவந்தன. பத்திரிகையாளரும் தொழில்முறைப் படக்காரரும் அவற்றைப் பெரிதும் கையாண்டனர். 1987ஆம் ஆண்டில் அக்கம்பெனியார் லென்ஸின் உள்ளேயே மோட்டாரை வைத்துத் தாமாகவே குவியும் புதிய லென்ஸ்களைச் செய்யத் துணிந்து, அகன்ற வாயும் மின்தொடர்பும் உடைய புதியதோர் அமைப்பை ஏற்றனர். அத்துணிவு தொழில்நுட்ப முறையில் தவறென்று சொல்லுதற்கில்லை. பின்வந்த முப்பதாண்டுகள் அதனை மெய்ப்பித்தன. ஆயின் பழைய லென்ஸ்களின் முகத்தூரம் 42, புதிய காமிராவினது 44. அந்த இரண்டு மில்லிமீட்டர் குறைவால், அரும்பொருள் செலவிட்டு வாங்கிய லென்ஸ்களை அதே கம்பெனியின் புதிய காமிராவில் நேரே பொருத்த வழியில்லாமற் போயிற்று. இடையே ஒரு கண்ணாடி வைத்த வளையங்கள் சில வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நல்ல லென்ஸின் கூர்மையைக் கெடுத்தன. இவ்வாறு இருபதாண்டுகட்கு மேல் அவை பெட்டிகளிலும் பரண்களிலும் உறங்கின. ஆடி நீங்கியவுடன், ஒரு திருகும் கழற்றாமல், ஒரு மயிரிழையும் அராவாமல், அதே லென்ஸ்கள் வெறுங்குழலின் வழியே மீண்டும் வேலைக்கு வந்தன. லென்ஸ் மாறவில்லை, கண்ணாடி தேயவில்லை. அதனைப் பயனற்றதாக்கியது வியாபாரத்தின் ஒரு தீர்மானம். பயனுள்ளதாக்கியது வேறொரு தீர்மானத்தின் எதிர்பாராத விளைவு. ஒரு பொருளுக்குக் காலங்கழிந்ததென்று கடைக்காரர் கூறும்போது, கழிந்தது பொருளின் காலமா அதனை விற்பவர் கணக்கின் காலமா என்று கேட்டறிய இஃதொரு நல்ல உதாரணம்.

நிற்க. குழல்தானே என்று எண்ணி, அகப்பட்ட அடாப்டரை வாங்குதல் ஆகாது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குரிய குழல், இருக்க வேண்டிய நீளத்தினும் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அஃதாவது எழுதும் தாள் ஒன்றின் கனம் அளவே மிகுந்துவிட்டதாகக் கொள்வோம். அவ்வளவிலேயே, ஏறத்தாழ 25 மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் கூர்மை பெறாது. 20 மில்லிமீட்டர் லென்ஸாயின் 4 மீட்டருக்கு அப்பாலே மயக்கந்தான். இதனை அஞ்சியே அடாப்டர் செய்வோர் பலர் குழலை வேண்டுமென்றே சற்றுக் குட்டையாக்கிவிடுகின்றனர். அப்போது தொலைவு கிட்டும். ஆனால் லென்ஸின்மேற் பொறித்த தூர எண்கள் பொய்யாகிவிடும். குழலின் இரு முகங்களும் ஒன்றற்கொன்று இணையாக இல்லையெனில் படத்தின் ஒரு பக்கம் தெளிந்தும் மறுபக்கம் கலங்கியும் தோன்றும். அறியாதார் லென்ஸைப் பழிப்பர். லென்ஸுக்குப் பெருந்தொகை தந்துவிட்டுக் குழலில் நூறு ரூபாய் மிச்சம்பிடிப்பவரைப் பார்க்கும்போது, தேர் செய்து அச்சாணிக்கு மூங்கில் சீவுவாரை ஒப்பர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி இதனால் மாணவனுக்கு வரும் பயன் யாதெனிற் கூறுவேன். இக்காலத்துக் காமிரா முகத்தைக் கண்டுபிடிக்கின்றது, கண்ணைக் கண்டுபிடிக்கின்றது, வெளிச்சத்தை அளந்து துவாரத்தையும் நேரத்தையும் தானே தேர்கின்றது. படமெடுப்பவன் பொத்தானை அழுத்துகின்றான். படம் நன்றாக வரும். ஏன் நன்றாக வந்தது என்று அவனைக் கேட்டாற் சொல்லத் தெரியாது. பழைய லென்ஸிலோ துவாரத்தைச் சிறிதாக்குபவன் அவனே. வளையத்தைத் திருப்பும்போது உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் மலர் கூம்புவதுபோற் கூம்புவதைக் கண்ணாற் காண்கின்றான். எஃப் 2 என்பதும் எஃப் 8 என்பதும் புத்தகத்து எண்களாக இராமல் விரலிற் படியும் பொருள்களாகின்றன. லென்ஸின் கழுத்திற் பொறித்த தூர அளவும், அதன் இருமருங்கும் துவார எண்கள் இடப்பட்ட கோடுகளும் அவனுக்கு ஒரு பாடநூலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8இல் வைத்து ஐந்து மீட்டருக்குக் குவித்தால், 24க்கு 36 மில்லிமீட்டர் படத்தில் ஏறத்தாழ 3½ மீட்டர் முதல் 9½ மீட்டர் வரை உள்ளவை தெளிவாகத் தோன்றும். இதனை அறிந்தவன் விளையாட்டு வெளியிலோ திருவிழாக் கூட்டத்திலோ நின்று, ஒவ்வொரு முறையும் குவிக்காமலே படமெடுக்கலாம். பிலிம் காலத்துத் தெருப் படக்காரர் இவ்வாறே செய்தனர்.

கையாற் குவித்தல் கடினமென்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன். இவ்வகையிற் புதிய காமிரா பழையதினும் நன்கு துணைசெய்கின்றது. திரையிற் காட்சியின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். கூர்மை பெற்ற விளிம்புகளைச் சிவப்பு முதலிய நிறத்தாற் கோடிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. தொடக்கத்திற் பத்துப் படங்களில் நான்கு மங்கும். சில வாரப் பழக்கத்தில் அது குறையும். ஓடியாடும் குழந்தையையும் பறக்கும் பறவையையும் எடுப்பவர் தானே குவியும் லென்ஸை நாடுவதே தகுதி. அதற்கும் பழைய லென்ஸே வேண்டுமென்று பிடிவாதம் செய்வது அறிவுடைமையன்று.

உயிர் என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். சோவியத் ருஷ்யாவில் மிகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஹீலியாஸ் 44 என்னும் 58 மில்லிமீட்டர் லென்ஸ் இன்று இளைஞர் பலரால் தேடப்படுகின்றது. ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனியாரின் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி அது செய்யப்பட்டது. துவாரத்தை முழுதும் திறந்து இலைச்செறிவின் முன் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், பின்னுள்ள ஒளிப்புள்ளிகள் சுழல்வனபோலத் தோன்றும். அழகுதான், மறுக்கவில்லை. ஆயின் அது கண்ணாடியின் ஓரங்களில் நீங்காது நின்ற குறைபாட்டின் விளைவேயன்றி, அதனைச் செய்தோர் வேண்டிப் புகுத்திய அற்புதமன்று. எல்லாப் படத்திலும் அச்சுழல் வந்தால், ஒரே சந்தத்தில் நூறு பாட்டுக் கேட்பதுபோற் சலிப்பையே தரும். இந்த மோகத்தால் விலையும் ஏறிவிட்டது. முன்பு எளியோர் கைக்கெட்டிய லென்ஸ்களுட் சில, உயிர் என்னும் ஒரு சொல்லால் எட்டாக் கனியாயின.

குறைகளை மறைத்துப் பேசுதல் முறையன்று. கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சு இட்டு ஒளி திரும்பித் தெறிப்பதைக் குறைக்கும் முறையை ஸைஸ் கம்பெனியைச் சார்ந்த அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா 1935ஆம் ஆண்டிற் கண்டார். அதற்கு முற்பட்டவற்றிலும், ஒற்றைப் பூச்சே உடைய பிற்பட்டவற்றிலும், வெயில் எதிரே அடித்தாற் படம் வெளிறும். அகன்ற காட்சி காட்டும் பழைய லென்ஸ்களுட் சிலவற்றில் ஒளி மிகச் சாய்ந்து பின்னே விழும். பிலிம் அதனைப் பொறுத்தது. உணர்தகடும் அதன்மேல் மூடிய கண்ணாடியும் பொறுக்கமாட்டாமல் ஓரங்கள் குழம்பும். உணர்தகடு பிலிமினும் சிறியதாயின் காட்சியும் குறுகும்: பல காமிராக்களில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 மில்லிமீட்டர் லென்ஸ்போலவே காட்டும். இதனைச் சரிசெய்யக் கண்ணாடி உள்ளமைத்த ஒரு வகை அடாப்டரை 2013ஆம் ஆண்டில் மெட்டபோன்ஸ் கம்பெனியார் வெளியிட்டனர். அது காட்சியை 0.71 பங்காகச் சுருக்கி உணர்தகட்டில் அடக்குவதோடு வெளிச்சத்தையும் ஏறத்தாழ இருமடங்காக்கும். நன்றே, ஆயின் விலையும் அதற்கேற்றதே. பழைய டாக்குமார் லென்ஸ்களுட் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் மஞ்சள் நிறம் படியும். புறவூதா ஒளியிற் பல நாள் வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். இரசாயன வகுப்பார் இதனை ஆராயலாம்.

லென்ஸைக் காமிராவுக்கேற்ப அராவிப் பின்பகுதியைக் குறைத்துக்கொள்வாரும் உளர். அது வேண்டாவென்று உறுதியாகக் கூறுவேன். ஸ்டான்லி குப்ரிக் என்னும் திரைப்பட இயக்குநர், 1975ஆம் ஆண்டில் வெளிவந்த பாரி லிண்டன் படத்திற்கு, மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் காட்சிகளை எடுக்க விரும்பினார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்திற்கென்று ஸைஸ் கம்பெனியார் செய்த எஃப் 0.7 லென்ஸைப் பெற்று, மிச்சல் ஸினிமாக் காமிரா ஒன்றில் அதனைப் பொருத்தச் செய்தார். அதற்காக அக்காமிராவையே வெட்டித் திருத்த வேண்டியதாயிற்று. பின்னர் அதில் வேறு லென்ஸ் வைத்தல் இயலாது. பெருங்கலைஞர் ஒரு பெருங்காரியத்திற்குச் செய்ததை நாம் சில நாள் விருப்பத்திற்குச் செய்தல் தகாது. அடாப்டரின் பெருமையே இருபுறத்தையும் ஊறு செய்யாமல் இணைத்தல். வேண்டாதபோது கழற்றிவிட்டால் லென்ஸ் பழைய லென்ஸே, காமிரா பழைய காமிராவே.

என் உள்ளத்தை உறுத்தும் விஷயம் வேறொன்று உண்டு. பழைய லென்ஸை நாம் இன்று பொருத்த முடிவது எதனால்? அதன் துவாரமும் குவிதலும் அதன் மேலுள்ள வளையங்களாலேயே இயங்குகின்றன. மரையின் அளவையும் முகத்தூரத்தையும் அளவுகோலால் எவரும் அறியலாம். செய்தவர் கம்பெனி மூடப்பட்டுப் போயிருந்தாலும் கடைசற்பட்டறைக்காரர் ஒருவர் வளையம் கடைந்து தரக் கூடும். இன்று விற்கப்படும் லென்ஸ்களுட் பலவோ அத்தகையன அல்ல. காமிராவிலிருந்து மின்சாரம் வராதவிடத்து, வளையத்தை எத்துணை திருப்பினும் உள்ளே கண்ணாடி அசையாது, துவாரமும் மூடாது. அவற்றைப் பிறிதொரு காமிராவிற் பொருத்த வேண்டுமாயின், அக்கம்பெனியின் லென்ஸும் காமிராவும் தமக்குள் பேசிக்கொள்ளும் இரகசிய மொழியையும் அடாப்டர் அறிந்திருத்தல் வேண்டும். 2070ஆம் ஆண்டில் இக்கல்லூரியிற் பயிலும் ஒருவன் இன்றைய லென்ஸை அலமாரியிற் கண்டெடுத்தால், அதனை என் செய்வான்? கண்ணாடி பழுதின்றி இருக்கும்; ஆயினும் பேசுதற்கு ஆளின்றி அது ஊமையாய் நிற்கும். காமிராவைப் புகழும் விளம்பரங்களில் இக்கேள்விக்கு விடை இராது. வாங்குவோர்தாம் கேட்டல் வேண்டும். கையால் இயங்கும் வளையங்களோடு இன்றும் புதிய லென்ஸ்கள் சில கம்பெனிகளாற் செய்யப்படுகின்றன என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றேன்.

நம் நிழற்படக் கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் புதிய லென்ஸ் வாங்க இயலாது. விடுதியிற் பயிலும் மாணவர் பலர் கடன் வாங்கியே காமிரா வாங்குகின்றனர். கழகம் 42 மில்லிமீட்டர் மரைக்கு ஒன்றும், நிக்கான் வாய்க்கு ஒன்றுமாக, நன்கு செய்த இரண்டு அடாப்டர்களை வாங்கி வைத்தல் நலம். பழைய மாணவர் தம் இல்லங்களில் தந்தையார் காலத்துக் காமிரா இருப்பின், அதன் லென்ஸை இரவலாகவேனும் தந்துதவலாம். தருமுன் அதனை விளக்கின் எதிரே பிடித்து உள்ளே நோக்குக. சிலந்தி நூல்போன்ற வெண்கோடுகள் கிளைத்திருப்பின் அது பூஞ்சணம். நம் கடற்கரை நாட்டு ஈரக்காற்றில் தோற்பைக்குள் பல்லாண்டு பூட்டி வைத்த லென்ஸுக்கு அது வருவது இயல்பு. தொடக்கத்தில் துடைத்து நீக்கலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டாற் பின்பு நீக்குதற்கு வழியில்லை. ஆதலின் தோற்பையினின்றும் எடுத்து, ஈரமுறிஞ்சும் ஸிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தலை இன்றே செய்யலாம்.

அடாப்டரைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரவில் நிலவையோ பகலில் நெடுந்தொலைவிலுள்ள கோபுரத்தையோ நோக்கி, துவாரத்தை முழுதும் திறந்து, திரையிற் பெரிதாக்கிப் பார்த்தவண்ணம் வளையத்தைத் திருப்புக. எல்லையற்ற தூரத்தைக் குறிக்கும் குறியை அடையுமுன்னரோ அடைந்தவுடனோ உருவம் கூர்மை பெறின் அடாப்டர் கொள்ளத்தக்கது. குறியை முட்டி நின்றும் மங்கலாயிருப்பின் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக. மரை லென்ஸ்களுட் பலவற்றின் பின்னே சிறு முளை ஒன்று நீண்டிருக்கும். அதனை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு அடாப்டரில் இல்லையெனில், சில லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினும் துவாரம் சுருங்காது. பொருத்தியபின் ஷட்டர் இயங்க மறுத்தால் காமிரா கெட்டதென்று அஞ்ச வேண்டா. மின்தொடர்பில்லாத லென்ஸைக் காமிரா லென்ஸென்றே உணராது. லென்ஸின்றியும் படமெடுக்க அனுமதிக்கும் கட்டளை அதன் அமைப்புப் பட்டியலில் உண்டு. அதனைத் தேடி இயக்கிவிட்டு, காமிராவுள்ளே நடுக்கந் தடுக்கும் வசதி இருப்பின், லென்ஸின் குவியத் தூரத்தையும் எண்ணாற் பதிந்துவிடுக.